இறுதி நொடியும் நடுவர் தீர்ப்பும்

தமிழிலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுவது இம்மலரைப் படிப்போரிற் சிலர்க்கு வியப்பை விளைக்கலாம். யான் பெரியகுளத்தான் என்பதே அதற்கு விடை. கொடைக்கானல் மலையின் தென்னடிவாரத்தில், வராக நதிக்கரையில் அமைந்த எம்மூரைப் பிறர் மாந்தோப்புகளால் அறிவர்; பந்தாடுவோரோ கோடைதோறும் அங்கு நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியால் அறிவர். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பி. டி. சிதம்பர சூரியநாராயணன் அவர்கள் நினைவாக நிறுவப்பெற்ற சுழற்கோப்பைக்கு நடத்திவரும் அப்போட்டி, இதுகாறும் அறுபது முறைக்கு மேல் நடந்தேறியுள்ளது. படைத்துறையினரும் வங்கியினரும் பிற துறையினரும் நாட்டின் பல பகுதிகளினின்று தத்தம் அணிகளோடு வந்து, இரவில் விளக்கொளியில் ஆடுவர். எம்மூர்ச் சிறுவர் நடை பழகுங்காலத்தே பந்து தட்டவும் பழகிவிடுகின்றனர் என்று சொன்னால் அது மிகை. ஆயினும் பெருமிகை அன்று.

ஆட்டம் முடியப் பத்து நொடி இருக்கும்பொழுது, காண்போர் அனைவரும் எழுந்து நின்று, பத்து, ஒன்பது, எட்டு எனக் குரலெடுத்து எண்ணத் தொடங்குவர். அவ்வெண்ணிக்கை கடிகாரத்தோடு ஒத்துச் செல்வது அருமை. தாம் விரும்பும் அணி முந்தி நின்றால் மக்கள் விரைந்து எண்ணுவர். பிந்தி நின்றாலோ மூன்றிற்கும் இரண்டிற்கும் இடையே ஒரு நெடுமூச்சு விடுவர். காலத்தை அளப்பதில் மனிதன் எத்துணை நடுநிலை உடையவன் என்பதை அறிய இதனினும் சிறந்த ஆய்வுக்கூடம் வேண்டா.

இத்தகைய இறுதி நொடிகளில் எழும் வழக்குகளை ஆராய்வோமாயின், அவை மூன்று வினாக்களில் அடங்கக் காண்போம். பந்து எறிபவன் கையை விட்டு நீங்கியது ஒலிப்பான் முழங்கும் முன்னரோ பின்னரோ என்பது ஒன்று. அவ்வொலிப்பான் தானும் உரிய காலத்திலேதான் முழங்கிற்றோ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தீர்த்து வைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது மூன்றாவது. மக்கள் பெரும்பாலும் முதல் வினாவைப் பற்றியே பூசலிடுகின்றனர். ஆனால் அதுவே மூன்றனுள் எளியது. வல்வழக்கு இரண்டாவதில் உள்ளது. பெருந்தீங்கு மூன்றாவதில் உள்ளது. இதுவே யான் ஈண்டு நிறுவ முயல்வது.

இவ்விளையாட்டைத் தோற்றுவித்தவர் டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பாரை யாவரும் அறிவர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பனிக்காலத்தே வெளியிற் சென்று ஆடவியலாத இளைஞர்க்கென அவர் இதனை அமைத்தார். அப்பள்ளியிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பாரே பின்னர் நம் நாட்டிற்கு வந்து, 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நெய்ஸ்மித் வகுத்த விதிகள் பதின்மூன்று. ஆட்டம் பதினைந்து நிமிடம் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பந்து எப்பொழுது ஆட்டத்தில் உள்ளது, அது யாருக்கு உரியது என்பவற்றை முடிவு செய்யும் நடுவரே காலத்தையும் கணித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் ஊதலும் கடிகாரமும் ஒருவர் பொறுப்பிலேயே இருந்தன. ஆட்டத்தை நிறுத்துபவரும் காலத்தை நிறுத்துபவரும் ஒருவரே.

ஆட்டம் விரைவும் நுட்பமும் பெறப் பெற, நடுவர்க்குக் கடிகாரத்தைப் பார்க்க நேரமில்லாது போயிற்று. எனவே களத்தின் ஓரத்தில் ஒரு மேசை இடப்பட்டது. அதன்பின் காலக்கணிப்பாளர் அமர்ந்தார். நடுவர் ஊதுவார், அவ்வொலி மேசையை அடையும், அதனைக் கேட்ட கணிப்பாளர் தம் கட்டைவிரலால் பொத்தானை அழுத்துவார், பின்னரே கடிகாரம் நிற்கும். நடுவர் ஊதலுக்கும் கடிகாரம் நிற்றற்கும் இடையே தோன்றிய இச்சிறு வெளியிலேதான் பின்வந்த வழக்குகள் பலவும் குடிகொண்டன.

அவ்வெளி எவ்வளவு பெரிது? ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மூலையில் நிற்கும் நடுவரின் ஊதல் நடுப்பக்கத்து மேசையை அடைய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். கேட்ட செவி மனத்திற்கும், மனம் விரலுக்கும் உணர்த்த ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். இதனை ஐயுறுவோர் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். நண்பர் ஒருவரை ஓர் அளவுகோலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்கச் செய்து, அதன் கீழ்முனையில் நும் இரு விரலையும் தொடாது விரித்து வைத்துக்கொள்க. நண்பர் சொல்லாமற் கைவிட்டதும் பிடிக்க முயல்க. கோல் 20 சென்டிமீட்டர் வீழ்ந்தபின் பிடித்தீராயின் நீர் எடுத்துக்கொண்ட காலம் 0.2 நொடி, 30 சென்டிமீட்டர் வீழ்ந்திருப்பின் ஏறத்தாழ கால் நொடி. வீழ்பொருள் விதியை அறிந்த பௌதிக மாணவர் இக்கணக்கை ஒப்புவர். விழிப்போடு காத்திருக்கும் கைக்கே இத்துணைத் தாழ்வு உண்டாயின், ஆயிரவர் கூச்சலிடையே நாற்பது நிமிட ஆட்டத்தைக் காத்துக் களைத்த கைக்கு எத்துணை உண்டாம் என்பதை எண்ணிக்கொள்க.

காலத்தைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளத்தல் நமக்குப் புதிதன்று. எழுத்தின் ஒலிக்கு மாத்திரை வகுக்கப் புகுந்த தொல்காப்பியர், நூன்மரபிலே இவ்விரண்டையுமே அளவையாகக் கொண்டார். பின்வந்த இலக்கண உரைகளில், ஒரு கைந்நொடி தானும் நான்கு கூறாகப் பகுக்கப்படுகின்றது. நொடிக்க நினைத்தல் கால் மாத்திரை, விரலை ஊன்றும்பொழுது அரை, முறுக்கும்பொழுது முக்கால், விடுக்கும்பொழுதே ஒன்று நிறையும். நினைத்தற்கும் காலம் செல்லும் என்று கண்ட நம் முன்னோர் நுட்பத்தை எவ்வாறு பாராட்டுவது! காலக்கணிப்பாளர் செயலை இதனினும் செம்மையாகப் பகுத்துரைக்க இயலாது. ஊதலைக் கேட்டு அவர் உன்னுகின்றார், ஊன்றுகின்றார், அழுத்துகின்றார்; அதற்குள் கடிகாரம் இரண்டு மூன்று பதின்கூறுகளை விழுங்கிவிடுகின்றது. முல்லைப்பாட்டில் வரும் பாசறையிலே, நீர்க்கன்னல் கொண்டு பொழுதளந்து அரசற்கு அறிவிப்போர் பொய்யாதவர் எனப் புகழப்படுகின்றனர். அவர்கள் அளந்தது நாழிகை. பதின்கூற்று நொடியை அளக்குமாறு அவர்களை யாரும் ஏவவில்லை.

இது நிற்க. இனி முதல் வினாவை நோக்குவோம். விதி தெளிவானது. காலம் முடியும் கணத்தில் பந்து எறிபவன் கையிலோ விரல் நுனியிலோ பட்டுக்கொண்டிருந்தால் அவ்வெறி செல்லாது. கையை விட்டு நீங்கிவிட்டதாயின், வானிற் பறக்கும் பந்து எப்பொழுது வளையத்தில் வீழினும் செல்லும். 2019ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், டொராண்டோ அணியின் கவாய் லெனர்ட் ஃபிலடெல்ஃபியாவிற்கு எதிராக எறிந்த பந்து, காலம் முற்றும் தீர்ந்தபின் வளையத்தின் விளிம்பில் நான்கு முறை துள்ளி உள்ளே வீழ்ந்தது. ஆட்டம் 92-90 என முடிந்தது. பந்து துள்ளிய அந்நேரத்தில் கடிகாரம் சுழியைக் காட்டிக்கொண்டு வாளாவிருந்தது, யாரும் வழக்கிடவில்லை. விடுத்தலே எல்லை.

விதி இத்துணைத் தெளிவாயினும், ஊனக்கண் அதனைக் காணப் போதாது. நடுவர் ஒரே கணத்தில் எறிபவன் விரலையும் பலகையையும் நோக்கி, ஒலிப்பானையும் கேட்டல் வேண்டும். 2002ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழில்முறைக் கழகமாகிய என்.பி.ஏ.யின் மேற்குப் பிரிவு இறுதிப் போட்டிகளில் இக்குறை வெளிப்பட்டது. மே மாதம் 26ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கும் சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தில், முதற்பாதி முடியும் வேளையில் லேக்கர்ஸ் அணியின் சமாகி வாக்கர் நெடுந்தொலைவினின்று ஒரு பந்தை எறிந்தார். ஒலிப்பான் முழங்கியபின்னரே அது கையை விட்டது என்பதைத் தொலைக்காட்சிப் படம் காட்டிற்று. நடுவரோ மூன்று புள்ளி வழங்கினர். ஆட்டத்தின் முடிவில் ராபர்ட் ஹோரி என்பார் இறுதிக் கணத்தில் முறைப்படி எறிந்த பந்தால் லேக்கர்ஸ் அணி 100-99 என வென்றது. மூன்றைக் கழித்தால் தோல்வி என்று கணக்கிடுவோர் பலர். அக்கணக்கு செம்மையன்று, முதற்பாதியின் புள்ளி வேறாயிருந்தால் பிற்பாதி ஆட்டமும் வேறாகவே நடந்திருக்கும் அன்றோ? ஆயினும் தோற்றோர் உள்ளத்தை இவ்வாதம் ஆற்றாது. அடுத்த ஆட்டப்பருவத்திலேயே கழகத்தார், பகுதி முடிவில் எறியப்படும் பந்துகளை நடுவர் படத்தை மீளப் பார்த்துத் தீர்ப்பளிக்கலாம் என விதி செய்தனர். பலகையைச் சுற்றிச் செவ்விளக்குகள் அமைக்கப்பட்டன. ஒலி நடந்து வரும்; ஒளி தோன்றியவுடனே வந்துவிடும். ஒரே படச்சட்டத்தில் விளக்கின் செம்மையும் எறிபவன் விரலும் ஒருங்கே காணப்படுதலால், விரலிற் பந்து உண்டோ இல்லையோ என்று பார்ப்பதொன்றே நடுவர் வேலையாயிற்று. முதல் வினா ஏறத்தாழத் தீர்ந்தது.

இரண்டாவது வினா அங்ஙனம் தீர்வதன்று. விளக்கு எரிந்த கணத்தைப் படம் காட்டும்; அவ்விளக்கை எரியச்செய்த கடிகாரம் ஓடத் தொடங்கிய கணம் சரியானதா என்பதை அது தானே காட்டாது. எல்லைக்கு வெளியே நிற்பவன் பந்தை உள்ளெறிய, களத்தினுள் ஒருவன் அதனைத் தொடும்பொழுதே கடிகாரம் ஓடவேண்டும். தொடுதலைக் கண்டு விரல் அழுத்தச் செல்லும் காலம் முழுவதும் எறிபவனுக்கு இலவசமாகக் கிடைக்கின்றது. 1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நியூயார்க்கில் சிக்காகோ அணியோடு நடந்த ஆட்டத்தில், கடிகாரம் 0.1 நொடி காட்டியபொழுது டிரென்ட் டக்கர் பந்தைப் பற்றி, திரும்பி, எறிந்து மூன்று புள்ளி பெற்றார். நியூயார்க் 109-106 என வென்றது. பற்றித் திரும்பி எறிதலாகிய மூவினையும் ஒரு நொடியிற் பத்தில் ஒரு பங்கில் முடித்தல் மக்கட் பிறப்பினர்க்கு ஆகாது. சிக்காகோவினர் முறையிட்டனர், முறையீடு ஏற்கப்படவில்லை. ஆனால் கழகத்தார் அதனின்று ஒரு விதியைக் கண்டனர்: கடிகாரத்தில் 0.3 நொடியேனும் எஞ்சியிருந்தாலன்றிப் பந்தைப் பற்றி எறிதல் செல்லாது. அதனிற் குறைந்தால் வரும் பந்தைத் தட்டி விடலாம். பன்னாட்டு விதியும் இன்று இவ்வாறே உள்ளது. இவ்விதியை யான் மிகவும் மதிக்கின்றேன். கடிகாரம் சொல்வதை அப்படியே நம்பாது, மனிதன் உடலால் இயலுவது எது என்று கேட்டு அதனைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திய விதி இது.

ஆயினும் எல்லை எங்கு வைப்பினும் அதன் அருகே ஒருவன் வந்து நிற்பான். 2004ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் சான் அன்டோனியோவில், டிம் டங்கன் எறிந்த பந்தால் அவ்வூர் அணி 73-72 என முந்தியபொழுது எஞ்சியது 0.4 நொடி. லேக்கர்ஸ் அணியின் டெரக் ஃபிஷர் உள்ளெறிந்த பந்தைப் பற்றி, உடல் திருப்பி, இடக்கையால் எறிந்தார், 74-73. நடுவர் படத்தை மீளப் பார்த்தனர். விளக்கு எரியுமுன் பந்து கையை விட்டிருந்தது. ஆகவே முதல் வினாவிற்கு விடை தெளிவாகவே கிடைத்தது. கடிகாரம் தாமதித்து ஓடத் தொடங்கிற்று என்பதே சான் அன்டோனியோவினர் முறையீடு; அதுவும் தள்ளப்பட்டது. இரண்டு வினாவும் வெவ்வேறு என்பதற்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டு யான் அறியேன்.

இவ்விடையூற்றைக் களைய மைக்கேல் காஸ்டபைல் என்னும் நடுவர் ஒரு கருவி கண்டார். நடுவர் ஊதலின் அருகே ஒரு சிறு ஒலிவாங்கியும், இடைக்கச்சில் ஒரு வானொலிப் பெட்டியும் இருக்கும். ஊதியவுடன் அவ்வொலியை அறிந்து கருவியே கடிகாரத்தை நிறுத்திவிடும். மீண்டும் ஓடச்செய்ய நடுவர் இடைக்கச்சிலுள்ள பொத்தானை அழுத்துவார். நெய்ஸ்மித் காலத்தில் ஒருவர் பொறுப்பில் இருந்து பிரிந்த ஊதலும் கடிகாரமும் நூறாண்டு கழித்து மீண்டும் அவரிடமே கூடின. ஆயின் இக்கருவிக்குச் செவி உண்டேயன்றிக் கண் இல்லை. ஊதலைக் கேட்டு நிற்கும். பந்தைத் தொட்டதைக் கண்டு ஓடாது. நிறுத்துவதில் விரல் விலகிற்று. தொடங்குவதில் விரல் இன்றும் உள்ளது. நம் பி. டி. உஷா 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் 55.42 நொடியில் ஓடி, 55.41 நொடியில் ஓடிய ருமேனிய வீராங்கனைக்குப் பதக்கத்தை இழந்தார். நூறில் ஒரு பங்கு! நாடே வருந்திற்று, ஆனால் கடிகாரத்தை ஒருவரும் பழிக்கவில்லை. ஏனெனின் அங்கே தொடங்கியது வெடி, முடித்தது படக்கருவி; இடையே எவர் விரலும் இல்லை.

மூன்றாவது வினாவிற்கு வருவோம். இதற்கு 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தை விரித்துரையாது செல்லுதல் இயலாது. 1936ஆம் ஆண்டில் கூடைப்பந்து ஒலிம்பிக்கிற் சேர்ந்தது முதல் அமெரிக்கா ஓர் ஆட்டமும் தோற்றதில்லை. 63 ஆட்டம் தொடர்ந்து வென்றிருந்தது. செப்டம்பர் 9ஆம் நாள் நள்ளிரவை அண்மித் தொடங்கிய அவ்வாட்டத்தில் சோவியத் அணி முந்தியே நின்றது. முடிய மூன்று நொடி இருக்க, 49-48 எனச் சோவியத்தார் முந்தியிருந்தபொழுது, டக் காலின்ஸ் பந்தைப் பறித்து ஓடி, தள்ளுண்டு வீழ்ந்தார். அதனால் இரண்டு ஃப்ரீ த்ரோ பெற்றார். முதலாவது வளையத்தில் வீழ்ந்தது. இரண்டாவதை எறிய அவர் முனைந்த கணத்தில், காரணமின்றி ஒலிப்பான் முழங்கிற்று. அவர் கலங்காது எறிந்தார், அதுவும் வீழ்ந்தது. அமெரிக்கா 50-49.

சோவியத்தார் பந்தை உள்ளெறிந்தனர். தம் பயிற்றுநர் கோண்ட்ராஷின் டைம் அவுட் கேட்டிருந்ததாகவும் மேசையினர் அதனை நடுவர்க்கு அறிவிக்கவில்லை என்றும் சொல்லி அவ்வணியின் பிறர் மேசையை நோக்கி ஓடினர். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். கடிகாரத்தில் ஒரு நொடி. அப்பொழுது பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் காண்போர் இருக்கையினின்று இறங்கி வந்து, மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். மூன்று நொடி மீண்டும் ஆடுக என்றார். கடிகாரத்தைத் திருத்தி முடிக்குமுன்னரே ஆட்டம் தொடங்கப்பட்டது. அது 50 நொடி காட்டிக்கொண்டிருந்தது. ஒலிப்பான் முழங்கிற்று, அமெரிக்கர் வென்றதாக எண்ணித் துள்ளினர். இல்லை என்றனர், மூன்றாம் முறையும் ஆடப்பட்டது. இவான் எடேஷ்கோ களத்தின் ஒரு முனையினின்று மறுமுனைக்கு எறிந்த பந்தை அலெக்சாண்டர் பெலோவ் பற்றி வளையத்தில் இட்டார். 51-50.

இதில் யார் பக்கம் நியாயம் என்று பல்லாண்டாக வழக்கிடுகின்றனர். சோவியத்தார் முறையீடு அடிப்படையற்றது என்று யான் சொல்லேன். டைம் அவுட் கேட்டது உண்மையாயின், அதனை மேசையினர் தவறவிட்டதும் உண்மையாயின், அவர்கட்கு இழந்த காலத்தை மீட்டுத் தருதல் நியாயமே. தவறு காலத்தை மீட்டதில் இல்லை. மீட்டவர் யார் என்பதில் உள்ளது. நடுவர் இருவர் களத்தில் இருந்தனர், மேசையினர் இருந்தனர். ஜோன்ஸ் எத்துணைப் பெரியவராயினும், ஆட்டத்தினிடையே கடிகாரத்தை ஆளும் உரிமையை விதி அவர்க்கு வழங்கவில்லை. நியாயமான முடிவும், உரிமையில்லாதவர் வாயினின்று வருங்கால் அநியாயமாகவே தோன்றும். பிரேசில் நாட்டு நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டத்தாளிற் கையொப்பமிட மறுத்தார். அமெரிக்கர் முறையீட்டைக் கேட்ட ஐவர் குழு மூவர்க்கு இருவர் என்ற கணக்கில் அதனைத் தள்ளிற்று. ஹங்கேரி, போலந்து, கியூபா என்னும் நாட்டினர் ஒரு பக்கம்; இத்தாலி, போர்ட்டோ ரிக்கோ நாட்டினர் மறுபக்கம். நாடுகளின் நட்புப்படியே வாக்கு அமைந்தது எனின், அக்குழு எந்தக் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்ப்பளித்தது? அமெரிக்க ஆட்டக்காரர் பன்னிருவரும் வெள்ளிப் பதக்கத்தைப் பெற மறுத்தனர். அவ்வணித்தலைவர் கென்னி டேவிஸ், தம் மறைவிற்குப் பின்னும் மனைவி மக்கள் அதனைப் பெறலாகாது என்று தம் விருப்ப முறியிலேயே எழுதிவைத்தார். மூன்று நொடி ஒரு மனிதனை எத்துணை ஆண்டு பின்தொடர்கின்றது பாருங்கள்.

உரிமையுடையவர் முறைப்படி மீட்டால் வழக்கு இனிது தீருமோ எனின், அதுவும் ஐயமே. 2007ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் அட்லாண்டாவில் மயாமி அணி ஆடியபொழுது, மேசையினர் ஷகீல் ஓ'நீலின் ஐந்தாம் ஃபவுலை ஆறாவது எனப் பிழையாகக் குறித்து, அவரை வெளியேற்றினர். அப்பொழுது கூடுதல் ஆட்டத்தில் எஞ்சியது 51.9 நொடி. அட்லாண்டா 114-111 என வென்றது. கழகத்தார் பிழையை ஒப்பி, அட்லாண்டாவிற்கு 50,000 டாலர் தண்டமிட்டு, அந்த 51.9 நொடியை மீண்டும் ஆடப் பணித்தனர். 2008ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் அது ஆடப்பட்டது. இரு சாராரும் ஒரு புள்ளியும் பெறவில்லை. அநீதிக்கு ஆளான ஓ'நீலோ அதற்குள் ஃபீனிக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டிருந்தார்! காலத்தை மீட்டனர், அக்காலத்துக்கு உரியவனை மீட்க இயலவில்லை.

இடையே ஒன்று சொல்லாது செல்ல மனம் வரவில்லை. ஓரணி பந்தைப் பெற்றபின் 24 நொடிக்குள் எறிதல் வேண்டும் என்னும் விதியை 1954ஆம் ஆண்டில் என்.பி.ஏ. மேற்கொண்டது. 1950ஆம் ஆண்டு நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணியினர் பந்தைக் கையிலேயே வைத்துக் காலங்கடத்தி 19-18 என ஓர் ஆட்டத்தை வென்றதைப் போன்ற சோம்பலாட்டங்களை ஒழிக்க எழுந்த விதி அது. டானி பயாசோன் என்பார் கணக்கிட்ட முறை எளிது: ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 நொடி, நல்ல ஆட்டத்தில் இருசாராரும் ஏறத்தாழ 120 முறை எறிவர், வகுத்தால் 24. இனி நம் பழங்கணக்கை நோக்குக. ஒரு நாழிகை 24 நிமிடம். அதன் அறுபதில் ஒரு கூறு ஒரு விநாடி. எனவே பழைய விநாடி ஒன்று இன்றைய நொடி 24க்குச் சமம். 48 நிமிட ஆட்டம் சரியாக இரண்டு நாழிகை. அதில் 120 விநாடி. விநாடிக்கு ஓர் எறி! பயாசோன் நாழிகை வட்டிலைக் கண்டவரல்லர். இஃது எண்களின் தற்செயல் ஒற்றுமையே. தமிழ் மாணவர் இதனைக் கொண்டு கூடைப்பந்து தமிழர் கண்டதென்று கட்டுரை எழுதாதிருப்பாராக.

படக்கருவியும் செவ்விளக்கும் வானொலிப் பெட்டியும் இல்லாத சிறு களங்களே நம் நாட்டில் மிகுதி. எம்மாவட்டத்தில் பள்ளிகட்கிடையே நடக்கும் ஆட்டங்களில் கைக்கடிகாரமும் ஒரு மணியுமே கருவி. மேசையின்பின் அமர்வோன் பெரும்பாலும் அப்பள்ளி மாணவனே. அவ்வாட்டங்களின் இறுதி நொடி பொருளற்றதென்று எண்ணலாகாது. வங்கியும் ரயில்வேயும் காவல்துறையும் விளையாட்டுத் தகுதி நோக்கி இளைஞர்க்கு வேலை வழங்கும் நாடு இது. மண்டல ஆட்டத்தை வென்று மேற்சென்றால்தான் ஒருவன் தேர்வாளர் கண்ணிற் படுவான். ஒருவன் விரல் கால் நொடி தாழ்வதால் மற்றொருவன் வீட்டு அடுப்பு எரிவதும் எரியாததும் ஆகலாம்.

அத்தகைய களத்திற்கு யான் கருதுவது பொருட்செலவு இல்லாத முறை. படக்கருவி வருமுன் நீச்சற் போட்டிகளில் ஒரு வழிக்கு மூவர் கடிகாரம் பிடித்தனர். இருவர் ஒத்தால் அதுவே காலம், மூவரும் வேறுபட்டால் நடுவெண்ணே காலம் என்றனர். கடைசி ஒரு நிமிடத்திற்கேனும் மேசையில் அங்ஙனம் மூவர் கடிகாரம் பிடிக்கலாம். அவருள் ஒருவர் எதிரணிப் பள்ளியாராதல் வேண்டும். இறுதியாக உள்ளெறியுமுன் நடுவர் இரு தலைவரையும் அழைத்து, எஞ்சிய காலம் இவ்வளவு, எறியை நோக்குபவர் இன்னார் என உரக்கச் சொல்லிவிடல் வேண்டும். 0.3 நொடி விதிக்குப் பதிலாக, கைக்கடிகாரக் களங்களில் ஒரு நொடிக்குக் குறைவாக எஞ்சின் தட்டுதல் மட்டுமே செல்லும் எனத் தொடக்கத்திலேயே உடன்பட்டுக்கொள்ளலாம். கைக்கடிகாரம் பதின்கூற்றைக் காட்டுமாயினும், அதனைப் பிடித்த கை பதின்கூற்றை அறியாது.

இத்தனைக்குப் பின்னும் ஓரணி தீர்ப்பை ஏலாதாயின், பன்னாட்டு விதி ஒரு வழி வைத்துள்ளது. ஆட்டம் முடிந்த 15 நிமிடத்திற்குள் அவ்வணியின் தலைவன் முதல் நடுவர்க்கு அறிவித்து, ஆட்டத்தாளில் முறையீட்டிற்கென உள்ள கட்டத்திற் கையொப்பமிடல் வேண்டும். எம்மூர்ப் பக்கத்து ஆட்டக்காரருட் பலர் அக்கட்டம் ஒன்று உண்டென்பதையே அறியார். மேசையைச் சூழ்ந்து நின்று கூவுவதிலேயே அந்தப் பதினைந்து நிமிடமும் கழிந்துவிடுகின்றது.